மூக்கு நுனியில் காவி

முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், அந்தச் சேதி நம் காதுக்குக் கடைசியாகத்தான் வரும். வீட்டுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். நமக்கு மட்டும் தெரியாது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தங்கச்சிகளே, தம்பிகளே, ஊசி போடுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

திருவொற்றியூரில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனை. அதில் மூட்டு நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை போட்டவர். கடை கல்லாவில் நின்று கத்திக் கத்தி வளர்ந்தேன். ஆஸ்பத்திரியிலும் அந்தத் தொண்டை அப்படியே இருந்தது. நோயாளிகள் பயப்பட்டார்கள். பயந்தால் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார்கள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தின்னும். அதை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. அடக்கினால் மூட்டு தப்பும். ஆனால் தெருவில் போகிற கிருமியெல்லாம் உரிமையோடு உள்ளே வரும். இன்றைக்குச் சளி, நாளைக்குச் சீழ், மறுநாள் காய்ச்சல். மூட்டுக்கும் கிருமிக்கும் நடுவில் பிழைக்கிறவர்களைத்தான் நாம் பார்த்துக்கொள்கிறோம்.

தேசம்மா அப்படி ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, காலடிப்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து வெட்டி விற்கிறவள். வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை ஒன்று, தினமும் போட வேண்டிய சின்ன வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று. வார மாத்திரைக்கு எந்தக் கிழமை வசதி என்று டாக்டர் கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள்.

"வியாழக்கிழம நைட்டு. மறுநாளு வயித்தப் பொரட்டும்ன்றீங்க. வெள்ளிக்கிழம எவ மீன் வாங்குறா? பொரட்டிகினு கெடக்கட்டும்."

அவ்வளவு கணக்காக இருந்தவள்தான். ஒருநாள் கெளுத்தி முள் விரலில் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. உடனே வந்து காட்டினாள். டாக்டர் விரலைக் கீறிச் சுத்தம் செய்து, புண் ஆறும்வரை வார மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சொன்னது சரிதான். ஆனால் திரும்ப எப்போது தொடங்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்த நாங்களும் சொல்லவில்லை. புண் ஆறியது, மாத்திரை இல்லாமல் கை இரண்டும் வீங்கிவிட்டன.

அதற்குப் பிறகு தேசம்மா எந்தக் காய்ச்சலையும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு தடவை மழைக்காலம் முழுக்க இருமலை வைத்துக்கொண்டு, மருந்துக் கடையில் ஏதோ வாங்கி விழுங்கிச் சமாளித்திருக்கிறாள். நெஞ்சில் கரகர சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "சாகணும்னு முடிவே பண்ணிட்டியா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த தடவையிலிருந்து இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கப் பழகிக்கொண்டாள்.

இனி அந்த அக்கி நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலை நேரம், நல்ல கூட்டம். டாக்டர் வரவில்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன, அவர் கார் அதற்குள் மாட்டிக்கொண்டது. நான் உள்ளே ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். முன் மேஜையில் பிரியா இருந்தாள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பெண், சுறுசுறுப்பானவள். வெளியே அவள் குரல் உயர்வது கேட்டது.

"என்னம்மா இது, முகமெல்லாம் செம்மண்ணு? போய்க் கழுவிட்டு வாங்க. டாக்டர் எப்படிப் பார்ப்பாரு?"

"மண்ணு இல்லமா, அக்கி எழுதிகீது. கழுவக் கூடாது. நான் ஒண்ணும் டாக்டர பாக்க வரல. மாத்திர வாங்கிகினு போவ வந்தேன்."

"இந்தக் காலத்துலயும் இதெல்லாம் நம்பறீங்களா?"

"உன் காலத்த நீயே வச்சுக்கமா" என்று சொல்லிவிட்டு தேசம்மா கிளம்பிவிட்டாள். நான் வெளியே வரும்போது படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தின் இடது பக்கத்தை மூடியிருந்தாள். காற்று தலைப்பை விலக்கியது. காவி எது வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன்.

அக்கி தெரியும் இல்லையா? சின்ன வயதில் வந்துபோன அம்மைக் கிருமி உள்ளேயே பதுங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி இறங்குகிற நேரம் பார்த்து ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளப்பும். நெருப்பை வைத்த மாதிரி எரியும். நம் பக்கத்தில் அக்கி வந்தால் மண்பானை செய்கிறவரிடம்தான் முதலில் போவார்கள். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின்மேல் சிங்க உருவம் வரைவார்; அதற்குத்தான் எழுத்து என்று பெயர். மூன்று தடவை எழுத வேண்டும். அது முடியும்வரை தண்ணீர் படக்கூடாது, வேறு மருந்தும் ஆகாது என்பார்கள். இடுப்பில் வந்திருந்தால் உட்கார வைத்துப் பேச எனக்கு நேரம் இருந்திருக்கும்.

தேசம்மாவுக்குக் காவி இடது நெற்றியில் தொடங்கி, புருவத்தைத் தாண்டி, மூக்கின் ஓரமாக இறங்கி, நுனியில் முடிந்திருந்தது. நுனியில் காவிக்கு அடியில் ஒரு கொப்புளம் புடைத்துக்கொண்டிருந்தது. இடது கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளைகள். நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணையும் பிடித்திருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். அந்த வரியை மறக்காதீர்கள்.

டாக்டருக்கு போன் போட்டேன். எடுத்தார். பின்னால் லாரி ஹாரன் காதைப் பிளந்தது.

"சார், தேசம்மா வந்திருக்கா. இடது நெத்தியில அக்கி, மூக்கு நுனி வரைக்கும். கண்ணு சிவந்திருக்கு."

"நான் வர்ற வரைக்கும் அவங்கள அங்க வச்சிருக்காதீங்க சிஸ்டர். நேரா கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அங்க நான் பேசிடறேன்."

அனுப்புங்க என்று சொல்வது சுலபம். ஆள் தெருவில் இறங்கிப் போய்விட்டாளே. ஓடினேன். மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடக்க முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று பக்கத்தில் போன பிறகே தெரிந்தது.

"கண்ணு வலிக்குதா?"

"வலிக்குது. வெளிச்சத்த பாத்தா குத்துது. அதுக்கின்னா இப்போ?"

"கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"இன்னும் ஒரு எழுத்து பாக்கி கீது சிஸ்டரு. நாளைக்கு எழுதிகினு அப்பால போறேன்."

"நாளைக்குக் கண்ணு இருக்காதுடி!" என்று கத்திவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

தேசம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கத்து. நல்லா கத்து. நீ கத்துறதாலதான் நான் ஒண்ணுமே சொல்றதில்ல."

சுருக்கென்றது எனக்கு. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. போயிருந்தால் அடுத்த சிக்னலில் இறங்கிப் போயிருப்பாள். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவளாகவே பேசினாள். "முள்ளு குத்துனப்போ ஓடியாந்து சொன்னேனா இல்லியா? இன்னா பண்ணீங்க? மாத்திரைய நிறுத்துனீங்க. எப்போ திரும்ப போடணும்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா? கை ரெண்டும் வீங்கிப்போயி என் தலமுடிய நானே முடிய முடியல, மருமவ முடிஞ்சு வுட்டா. அருவாமணைல குந்த முடியல. மீன வெட்டித் தராத கடைக்கு எவ வருவா? அம்மாம் பேரும் பக்கத்து கடைக்குப் பூட்டாங்க. அதான், இனிமே இவங்ககிட்ட எதையும் சொல்றதில்லன்னு முடிவு பண்ணேன்."

இதுதான் விஷயம். அவளுக்குப் பயம் அக்கியைப் பார்த்து இல்லை, நம்மைப் பார்த்து. நோயைச் சொன்னால் மருந்து போகும், மருந்து போனால் கை போகும், கை போனால் கடை போகும். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? அவள் இடத்தில் நான் இருந்தாலும் மறைத்திருப்பேன்.

"சரி, கத்தல. ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அக்கி வந்ததுலேர்ந்து எந்த மாத்திரைய நிறுத்தின?"

"எல்லாத்தையும்தான். எழுதிகினு இருக்கசொல்ல வேற மருந்து ஆவாதுன்னு தெருவுல அல்லாரும் சொன்னாங்க. எழுத்து முடிஞ்சப்பறம் போடத்தான் இன்னிக்கு வாங்க வந்தேன்."

"அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையையுமா?"

"அதையுந்தான்."

"தலை சுத்துதா? வாந்தி?"

"சுத்துது. காத்தால எழுந்திரிக்கவே முடியல. தம் கட்டிகினு வந்தேன்."

வார மாத்திரையைக் கிருமித் தொற்று இருக்கும்போது டாக்டரே நிறுத்துவார், அதில் தப்பில்லை. ஆனால் வருஷக்கணக்காக ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே சரிந்துவிடலாம். கண்ணுக்காக ஓடி வந்தேன். இப்போது உயிருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியதாயிற்று.

மறுபடி டாக்டருக்குப் போன். வெள்ளை மாத்திரையை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொன்னார். உடனே கொடுக்கச் சொன்னார். வார மாத்திரையைத் தொட வேண்டாம் என்றார். மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினேன். தேசம்மா வாங்கவில்லை.

"எழுத்து முடியட்டும்."

அந்த இடத்தில் நான் அக்கியைப் பற்றியோ சிங்கத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவள் கண்ணும் போயிருக்கும், நான் வாதத்தில் ஜெயித்திருப்பேன். "எழுதினவர் போன் நம்பர் வச்சிருக்கியா?" என்று கேட்டேன். வைத்திருந்தாள். அவளே போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அய்யா, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸு பேசறேன். தேசம்மாவுக்கு நீங்கதானே எழுதினீங்க? இப்போ கண்ணுல இறங்கிடுச்சு. செக்கச் செவேல்னு இருக்கு."

"அய்யய்யோ! நேத்து எழுதசொல்ல கண்ணு நல்லாதான இருந்துச்சு. கண்ணுக்கெல்லாம் நான் எழுதறதில்லமா. எழுதுன வரிக்கும் போதும்னு சொல்லுங்க. கழுவுனா கழுவிக்கட்டும், ஒண்ணும் ஆவாது. எம்மா தேசம்மா, கேக்குதா? சொம்மா அங்கியே குந்திகினு இருக்காத, கெளம்பு."

தேசம்மா போனை அணைத்தாள். மாத்திரையை வாங்கி டீயோடு விழுங்கினாள். எழுந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வரேன். ஆனா மாத்திரைய நிறுத்துனீங்கன்னா, எப்போ திரும்ப போடணும்னு இன்னிக்கே எனக்குத் தெரிஞ்சாவணும்."

"கேட்டுச் சொல்றேன். என் பொறுப்பு."

பிரிவை பிரியாவிடம் விட்டுவிட்டு நானே ஆட்டோவில் ஏறினேன். மேலிடத்தில் அதற்கு எனக்குத் திட்டு விழுந்தது. விழட்டும். பாதி வழியில் சரிந்து விழக்கூடிய ஆளைத் தனியாக அனுப்புவது நம் வேலை இல்லை. ஆட்டோ டிரைவர் லாரி வரிசையைப் பார்த்துவிட்டு, "மெயின் ரோடுல போனா பேஜாரு சிஸ்டர், உள்ளார பூந்து போறேன்" என்று சந்து சந்தாக ஓட்டினார்.

ராயபுரம் தாண்டும்போது தேசம்மா என் தோளில் தலையைச் சாய்த்தாள். "சிஸ்டரு, கண்ணு பூடுமா?"

பூடாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "தெரியாது தேசம்மா. போகக் கூடாதுன்னுதான் ஓடறோம்."

"ஒத்தக் கண்ண வச்சிகினு ஏலத்துல நிக்க முடியுமா? மீனு நல்லதா கெட்டதான்னு கண்ணுதான சொல்லும்."

"நிப்ப. ரெண்டு கண்ணோடயும் நிக்க வைக்கத்தான் பாக்கறேன்."

அவளுக்கு எவ்வளவு பயமோ அதைவிட எனக்கு அதிகம். பொய் தைரியம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் புண் தொடங்கிவிட்டது என்றார். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பார்வையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். கண்ணைச் சுற்றி மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்து, நெற்றிச் சிங்கத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லி நான் முன்னாலேயே கேட்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு அப்படியே செய்தார். அங்கேயே படுக்க வைத்து, கிருமிக்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அன்று மாலையே எங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு தேசம்மாவிடம் போய்ச் சொன்னேன். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு உதிர வேண்டும். உதிர்ந்த அன்றைக்கே வந்து காட்டினால், பார்த்துவிட்டு வார மாத்திரையைத் தொடங்கலாம். நடுவில் கை வீங்கினால் பேசாமல் இருக்க வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது. கட்டுப் போட்ட கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் மறைக்கப் போறேன்?" என்றாள்.

அதன் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். ஒரு மருந்தை நிறுத்தச் சொல்கிற வாய், அது மறுபடி எப்போது, எதைப் பார்த்துத் தொடங்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். டாக்டர் மறந்தால் நாம் கேட்க வேண்டும். எந்த மாத்திரையை எந்தக் காரணம் கொண்டும் தாங்களாக நிறுத்தக்கூடாது என்று அதன் நிறத்தோடும் அளவோடும் காட்டிச் சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்டாயா என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். காய்ச்சல் என்று போன் பண்ணுகிறவர்களிடம், "சொன்னது நல்லதாப் போச்சு" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். எனக்கு அது தொண்டையில் சிக்கத்தான் செய்தது. பழகிக்கொண்டேன். பிரியா என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டாள். அடுத்த முறை ஒருவர் முதுகில் காவியோடு வந்தபோது, "எத்தனாவது எழுத்து ஐயா? எந்த மாத்திரைய நிறுத்தியிருக்கீங்க?" என்று அவள் கேட்டதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது எனக்கு.

அப்படியும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கியவர்கள் திரும்ப நம்புவதற்கு நாளாகும். அதுவரை நாம் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நோய்க்காரர்கள் விடாப்பிடியாகப் பிழைத்துக் கிடக்கும்போது, நாம் விட்டுவிடுவது நியாயமா?

தேசம்மா ஏலத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் காலையில் டியூட்டிக்கு முன்னால் காசிமேட்டுக்குப் போனேன். வீட்டுக்கு மீன் வாங்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளைப் பார்க்கத்தான் போனேன். கருவிழியில் லேசாக ஒரு புகை தங்கிவிடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். ஏலக்காரர் சங்கரா மீன் கூடையைக் கொட்டி விலை கூவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நெரிசல். தேசம்மா முன்வரிசையில் குந்தியிருந்தாள். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கினாள். நல்ல கண்ணான வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"தெரியுதா?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

திரும்பாமலேயே பதில் சொன்னாள். "பொகையா கீது சிஸ்டரு. செவுளு செவப்புன்னு தெரிது. போதும்."

கையைத் தூக்கி விலை கேட்டாள். இன்னொருத்தி ஏற்றினாள், இவளும் ஏற்றினாள். கூடை இவளுக்கு விழுந்தது. மருமகள் ஒரு பக்கம் பிடிக்க, கூடையை இழுத்துக்கொண்டு நாலடி போனவள் நின்று திரும்பினாள். அந்த ஏலக் கூச்சலுக்கு மேலே, மொத்தத் துறைமுகத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"சிஸ்டரு! நேத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போனா எரியுது! குளிர் ஜொரம் வேற! சாயங்காலம் வரேன்!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "யக்கா, மைக்கு வேணுமா?" என்றான் ஒருவன். தேசம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்லப் போகிற பதிலுக்காக நின்றாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு!" என்று நானும் என் தொண்டை மொத்தத்தையும் திறந்து கத்தினேன். "சாயங்காலம் இல்லடி, மீன இறக்கி வச்ச கையோட வா!"